வெயில் விழுந்த மாடியும் மூச்சு நின்ற வீடும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரியவரே, நம் தெருமுனை முடிதிருத்தகத்தின் உரிமையாளரே! ஆண்டு முழுவதும் நம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தாம் நின்றுகொண்டே இருப்பவர், இன்று ஒரு மாறுதலுக்குத் தாம் உட்கார்ந்திருக்கிறார், நாம் நிற்கிறோம். அதற்காகவே இந்த மாலைப்பொழுதுக்கு ஒரு தனி வணக்கம். மேடையை அணிசெய்யும் குடியிருப்போர் சங்கத்துப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கப்பல்துறையிலும் கடைவீதியிலும் உழைத்துக் களைத்த கைகளைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் பெருமக்களே! முன்வரிசையில் மூக்கில் குழாயோடு அமர்ந்திருக்கும் என் அண்ணா! அவர் மூச்சை அவரைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என் அண்ணியே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த தமிழ் வணக்கம்.

அண்ணா, நீங்க எழுந்திரிக்க வேண்டாம். உட்காருங்க. கைதட்டவும் வேண்டாம். அதுக்கும் மூச்சு வேணும்.

என்ன? பின்னால் ஏதோ குரல் கேட்கிறது. “தமிழ் டீச்சருக்குக் கரண்ட்டைப் பத்தி என்ன தெரியும்” என்கிறீர்களா? உண்மை, ஐயா! ஒன்றும் தெரியாது. ஒரு பல்பு மாட்டவும் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் இலக்கணம் கொஞ்சம் தெரியும். அந்த இலக்கணத்தை வைத்தே சொல்கிறேன். இந்த நகரத்தில் கதிரவன் நாள்தோறும் எழுவாய். நம் மாடிகளிலோ அவனால் பயனிலை!

சிரியுங்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

நாற்புறமும் கடல் சூழ்ந்த நகரம் இது. நடுவானில் நெருப்பு நின்றெரியும் நகரம் இது. மாடிப்படியில் கால்வைத்தால் பாதம் பொரியும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் பாயும். காயப்போட்ட துணி பிழிந்த கை ஈரம் உலருமுன் காயும். இத்தனை வெயிலை எந்த அரசன் நமக்குக் கொடையாகக் கொடுத்தான்? எந்தக் கப்பல் நமக்கு ஏற்றி வந்தது? யாரும் கொடுக்கவில்லை, எதுவும் ஏற்றி வரவில்லை. அது தானாக வருகிறது, தவறாமல் வருகிறது, வந்து வந்து வீணாகப் போகிறது. நாமோ விளக்கெரிக்க நிலக்கரியை எதிர்பார்த்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்!

அந்தக் கரியை இறக்கியவர் என் அண்ணன். கப்பல்துறையில் பாரந்தூக்கி ஓட்டியவர். ‘கிரேன்காரர்’ என்று சொன்னால்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவர். கீழே, கப்பலின் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சீழ்க்கையால் சொன்னவர் அவருடைய நண்பர். ‘விசில்’ என்றே அவருக்குப் பெயர். பணிக்காலம் முழுவதும் மேலே ஒருவர், கீழே ஒருவர். இடையில் கரித்தூள் பறந்தது. இந்த நகரத்தின் ஒவ்வொரு மின்விசிறியும் சுழல்வதற்காக அவர்கள் இருவரும் அந்தத் தூளைச் சுவாசித்தார்கள். ஓய்வுபெற்ற பின், இருவர் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் இருவருக்கும் ஒரே மருந்தை எழுதினார். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரே வகைக் கருவியைச் சொன்னார். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய்வழியே தருகிற மின்கருவி. அது ஓடினால் அவர்கள் மூச்சு ஓடும்.

அண்ணன் வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் இருந்தன. மருமகன் பிடிவாதமாகப் போட்டுக் கொடுத்தது. அண்ணிக்கு அதில் பெருமை என்றால் அப்படியொரு பெருமை! வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குமுன் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தகட்டைக் காட்டுவார். அந்தத் தகடுகள் தெருக் கம்பியோடு இணைந்தவை. வீட்டுக்குப் போக மீதி மின்சாரம் தெருவுக்குப் போகும். மின்கலம், அதாவது பேட்டரி, வைக்கவில்லை. வேண்டுமா என்று விற்றவர் கேட்கவில்லை. வேண்டும் என்று கேட்க நமக்கும் தெரியவில்லை.

நம் தலைவர் அவர்களின் கடைக் கூரையிலும் தகடுகள் இருந்தன. சிறிய கூரை, சிறிய தகடுகள். ஆனால் அவர் பேட்டரியும் வைத்திருந்தார். ஏன் தெரியுமா? தொலைநோக்கா? இல்லை. “பாதி மீசை எடுக்கும்போது கரண்ட் போனா, மீதி மீசையோட ஒருத்தரை எப்படிங்க வீட்டுக்கு அனுப்புறது?” என்றார். அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கடைக்கும் அண்ணன் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும் வாதாம் மரம். அண்ணி கன்றாக நட்டு, குடம் குடமாக நீர் ஊற்றி வளர்த்தது. சாயங்காலமானால் அதன் கிளை நிழல் கடைத் தகடுகள்மேல் விழும். ஒரே ஒரு கிளையை வெட்டச் சொல்லித் தலைவர் கேட்டார், தணிவாகத்தான் கேட்டார். “என் மரம், என் நிழல். உம்ம தகட்டை வேணா நகத்தி வெச்சுக்கோரும்” என்றார் அண்ணன். வார்த்தை தடித்தது. அதன்பிறகு அண்ணன் முடிவெட்ட அடுத்த தெருவுக்குப் போனார்.

இப்படியிருக்கையில்தான் அந்தப் புயல் வந்தது.

புயலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்களில் யார் வீட்டுக் கதவு பறக்கவில்லை? யார் வீட்டுக் கூடத்தில் கடல்நீர் நிற்கவில்லை? புயல் போன மறுநாள் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. துடைத்துவைத்த தட்டுப்போல வானம். கொல்லன் உலைபோல வெயில். கம்பங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, நகரம் முழுவதும் மின்சாரமில்லை. அண்ணன் வீட்டு மாடியில் தகடுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தன. ஆனால் மூச்சுக்கருவி ஓடவில்லை.

அண்ணி மாடிக்கும் கூடத்துக்கும் ஓடினார். பொத்தானை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். கையிருப்பாக இருந்த ஒரே பிராணவாயு உருளையை அண்ணனுக்குப் பொருத்திவிட்டுத் தெருவுக்கு ஓடினார். தெருமுனைக் கம்பத்தில் மின்வாரியத்துத் தொழிலாளி ஒருவர் ஏறி நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கீழே நின்று கத்தினார்:

“தம்பி! மாடியில தகடு இருக்கு, மண்டையப் பிளக்குற வெயில் இருக்கு. எங்க வீட்டுல மட்டும் ஏன்ப்பா கரண்ட் இல்ல? என்னத்த நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

அவர் மேலிருந்தபடியே சொன்னார்: “நாங்க நிறுத்தலக்கா. தெருவுல கரண்ட் இல்லன்னா உங்க தகடு தானா நின்னுடும். அப்படித்தான் மாட்டியிருக்கு. அது இப்ப ஓடிச்சுன்னா உங்க வீட்டுக் கரண்ட் இந்தக் கம்பிக்கு வரும். நான் இங்கயே கருகிடுவேன்.”

அண்ணி அண்ணாந்து அந்த முகத்தையே பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்தடியில் வைத்துவிட்டு, “இறங்குனா குடிப்பா” என்று சொல்லித் திரும்பினார். நடந்ததைக் கேட்ட அண்ணன், இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடி சொன்னார்: “சரியாத்தான் பண்ணியிருக்காங்க. நம்ம மூச்சுக்காக அந்தப் பையன் சாகணுமா?”

தோழர்களே, தாய்மார்களே! யார்மீது கோபப்படுவது? தகட்டின்மீதா? அது சட்டப்படி நின்றது. தொழிலாளிமீதா? அவர் உயிரைப் பணயம் வைத்து ஏறி நின்றார். வெயில்மீதா? அது வஞ்சனையில்லாமல் கொட்டியது! எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். எல்லாரும் கடமையைச் செய்தும், கூடத்தில் ஒரு மனிதருக்கு உதடு நீலம்பாரித்தது.

உருளையின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. மருத்துவமனைக்குப் போகிற சாலை நீருக்கடியில். “சலூன்ல பேட்டரி இருக்கு, வாங்க போலாம்” என்றார் அண்ணி.

“அந்தாளு கடைக்கா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?”

“மூஞ்சி கெடக்கட்டும். மூச்சு இருக்கான்னு பாருங்க மொதல்ல!”

நானும் அண்ணியும் அக்கம்பக்கத்தாரும் அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடும் மூச்சுக்கருவியோடும் தூக்கிக்கொண்டு போனோம். கடையில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். தலைவர் எங்களைப் பார்த்தார். அண்ணன் உதட்டைப் பார்த்தார். நுரைக்காரரைத் தோளில் தட்டினார்.

“எழுந்திருங்க.”

“நுரையோடயா?”

“நுரையோடதான்.”

அந்த நுரைக்காரர் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். எழுந்து காட்ட வேண்டாம், ஐயா. இப்போது முகம் நன்றாகத்தான் இருக்கிறது.

கருவியைப் பொருத்தினோம். ஒரு முனகல், ஒரு உறுமல், பிறகு சீரான இரைச்சல். அந்த இரைச்சலைப்போல் இனிய ஓசையை, இத்தனை ஆண்டு யாப்பு நடத்திய நான் எந்தச் சந்தத்திலும் கேட்டதில்லை. அண்ணன் முடிதிருத்தும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவர் உதட்டுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்புவதை அண்ணி எதிர்க்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றார்.

செய்தி பரவியது. கைபேசிக்கு மின்னேற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம் வாசலில் நின்றது. தலைவர் கதவை மறித்துக்கொண்டு சொன்னார்: “மூச்சுக்குப் போக மிஞ்சினாத்தாங்க பேச்சுக்கு.” அவையோரே, என் பணிக்காலத்தில் இதைவிடச் சுருக்கமாக, இதைவிட நிறைவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை!

சாயங்காலம் பேட்டரி முனகத் தொடங்கியது. தலைவர் விசிறியை நிறுத்தினார். விளக்கை நிறுத்தினார். வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். வாதாம் மரத்தைப் பார்த்தார். உள்ளே வந்து கத்தரிகளைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் அத்தனையையும் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“சலூன்காரரே, நிழல்தானே?”

“இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு? நீங்க பேசாம மூச்சு விடுங்க.”

“நிழல்தானேன்னு கேக்குறேன்.”

தலைவர் தலையை மட்டும் அசைத்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அது அண்ணியின் மரம். தான் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணியோ அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. பக்கத்துத் தச்சர் வீட்டில் ரம்பம் வாங்கினார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அறுபதைத் தாண்டிய அந்த அம்மையார் ஏறினார். “ஆம்பளைங்க யாராவது ஏறட்டுமே” என்றது தெரு. “நான் வெச்ச மரம். எந்தக் கிளைன்னு எனக்குத்தான் தெரியும்” என்றார். அறுத்தார். பாதி அறுத்தபோது அழுதார். அழுதுகொண்டே அறுத்தார். கிளை விழுந்தது, நிழல் விலகியது, மிச்சமிருந்த மாலை வெயில் தகட்டின்மேல் போய் விழுந்தது. அந்த வெயிலை வைத்துத்தான் என் அண்ணன் மறுநாளைப் பார்த்தார்.

இத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால், நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். வீட்டிலேயே இருந்து தேர்வுத்தாள் திருத்தியிருப்பேன்.

மறுநாள் காலையில் அண்ணன் கண்விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இது: “விசில் எப்படி இருக்கான்? போய்ப் பாத்துட்டு வாம்மா. தூக்கிட்டு வரச் சொல்லு. அவன் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம், மாத்தி மாத்தி விட்டுக்குவோம்.”

புறப்பட்டேன். விழுந்த மரங்களைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் நடந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இரண்டே தெரு! சாதாரண நாளில் பேசிக்கொண்டே நடந்துவிடுவோம்.

கதவு திறந்திருந்தது. கூடத்துக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மூலையில் கருவி நின்றது. ஈரம் படாமல் அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். நான் கட்டிலருகே போய் அவர் கையைத் தொட்டேன்.

குளிர்ந்திருந்தது.

“அக்கா...” என்றேன்.

“தெரியும்மா,” என்றார் அவர். “விடியும்போதே போயிட்டாரு. கையை நிறுத்த மனசு வரல.”

விசிறிக்கொண்டேதான் சொன்னார்.

நான் வெளியே வந்து நின்றேன். எதிரே மாடிப்படி. படியின் உச்சியில் பூட்டிய கதவு. அதற்குமேல் இந்தப் பகுதியிலேயே பெரிய மொட்டைமாடி. பந்தாடலாம், பந்தி போடலாம். ஒரு தகடுகூட இல்லை. அந்த மாடி முழுக்க வெயில்! தலைக்குமேல் வெயில், சுவரெல்லாம் வெயில், படியெல்லாம் வெயில். அந்த வெயிலின் நேர் கீழே, ஒரு கூரைக் கனம் கீழே, ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கியிருந்தார். இறைவா, இது பஞ்சமா? பஞ்சம் என்றால் இல்லாமல் சாவது. இருக்க இருக்கச் சாவதற்கு என்ன பெயர்? தமிழ் படித்தவள் நான்; தேடிப் பார்த்தேன். அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

திரும்பிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினார். அதை என்னிடம் நீட்டினார். “கொண்டுபோய்க் குடும்மா அவனுக்கு” என்றார். போனவருக்கு இனி அது எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கை நீட்டிக்கொண்டே இருந்தார். நம் தலைவர்தாம் வந்து, அந்தக் குழாயை வாங்கி, மறுபடி அவர் மூக்கில் பொருத்தி, பொருத்திய கையை எடுக்காமல் அவர் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கிழவர்களும் அழுதார்கள். கருவி ஓடிக்கொண்டிருந்தது.

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர்.

பெருமக்களே! அழுகையை வாங்க நான் இந்த ஒலிபெருக்கி முன் வரவில்லை. உங்கள் மாடிகளை வாங்க வந்திருக்கிறேன்.

கேட்பது என்ன? தகடு போட்டவர்கள் பேட்டரியும் வையுங்கள். தெருவில் மின்சாரம் நின்றதும் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் ஓடவைக்கும் தனி சுவிட்சைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். கம்பத்தில் ஏறியவரும் பிழைக்க வேண்டும்; கட்டிலில் கிடப்பவரும் பிழைக்க வேண்டும். ஒருவர் உயிருக்கு ஒருவர் உயிர் விலையாக வேண்டாம்! இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வாசலில், மழை படாத இடத்தில், ஒரு பிளக் வையுங்கள். இருட்டு வந்த நாளில், மூச்சுக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தால், அவர் கதவைத் தட்டி, காரணம் சொல்லி, பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமிருக்காது. வந்தவுடன் மாட்ட வேண்டும். மாட்டியவுடன் மூச்சு வர வேண்டும்!

என்னம்மா? நீங்கள்தான், தூண் பக்கத்தில். “வாடகை வீட்டுல இருக்கிறவங்க என்ன பண்றதுங்க?” நல்ல கேள்வி. உங்களுக்கு மாடி இல்லை. ஆனால் உங்கள் தெருவில் யார் மூச்சுக்கருவியோடு இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தூக்கிவரக் கை இருக்கிறது. மாடி உள்ளவர் மாடி தரட்டும். கை உள்ளவர் கை தரட்டும்.

“செலவு?” என்கிறார் அந்த ஐயா. ஆம், செலவுதான். மழைநாளில் மின்சாரம் குறையத்தான் குறையும். பேட்டரியும் ஒருநாள் கிழடாகும். இனிப்பாகப் பொய் சொல்ல மாட்டேன். எல்லா வீட்டாலும் முடியாது. அதனால்தான் தெருவுக்கு ஒரு மாடியாவது என்று சங்கம் திட்டமிட்டிருக்கிறது. செலவைச் சேர்ந்து சுமப்போம் என்று தலைவர் சற்றுமுன் சொன்னார். முதல் மாடி எது என்பதைச் சொல்லும் கடமையை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

போன வாரம் ‘விசில்’ வீட்டுக்குப் போனேன். அண்ணன், தலைவர், நான், மூவரும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அண்ணன்தான் கேட்டார்: “தங்கச்சி... உங்க மாடியைக் கொடுப்பியா?”

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறக்கும் ஓசை, இழுப்பறையை இழுக்கும் ஓசை. நெடுநேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

“சாவி எங்கயோ போயிடுச்சுண்ணே,” என்றார். “பூட்டை உடைச்சிடுங்க.”

அவையோரே! நாளைக் காலை, வெயில் ஏறும் நேரத்தில், நாங்கள் அந்தப் பூட்டை உடைக்கப் போகிறோம். சுத்தியல் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் சும்மா வாருங்கள். மாடியைக் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும்.

இந்த நீண்ட உரையைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், இடையிடையே கேள்வி கேட்டு என்னைத் தூங்கவிடாமல் வைத்த பின்வரிசைக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே அமர்ந்திருந்த தாய்மார்க்கும், இந்த அவையைத் தந்த தலைவர் அவர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.